வட்டத்தை விரிக்கும் முன் வாய்களைப் பாருங்கள்: சேலத்தில் ஒரு ரவுண்டானா சீரமைப்பைத் திட்டமிடும் முறை

சேலத்தில் எந்த ரவுண்டானாவைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும், வட்டத்தைச் சிறிதாக்கினால் போதும் என்று ஒருவரும், சிக்னல் வைத்தால்தான் தீரும் என்று இன்னொருவரும், மேம்பாலம் ஒன்றே வழி என்று மூன்றாமவரும் சொல்வது வழக்கம். மூவரும் பார்ப்பது நடுவிலுள்ள வட்டத்தை. நெரிசலோ பெரும்பாலும் வட்டத்துக்கு வந்து சேரும் சாலையின் கடைசி ஐம்பது மீட்டரிலும், அதைவிட அதிகமாக வட்டத்தை விட்டு வெளியேறும் சாலையின் முதல் ஐம்பது மீட்டரிலும் பிறக்கிறது. குடியிருப்போர் நலச் சங்கத்தினரும், வணிகர் சங்கத்தினரும், மாமன்ற உறுப்பினர்களும் தம் பகுதிச் சந்திப்பு ஒன்றைச் சீரமைக்கக் கோரும்போது எதை எந்த வரிசையில் செய்தால் அந்தக் கோரிக்கை கோப்பில் உறங்காமல் சாலையில் இறங்கும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

சாலை யாருடையது

ஒரு சந்திப்பில் கூடும் நான்கு சாலைகளும் ஒரே துறையின் பராமரிப்பில் இருப்பது அரிது. ஒன்று மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும், அதன் குறுக்கே வருவது மாநகராட்சியுடையதாகவும் இருக்கும். கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி போன்ற புறவழிச் சந்திப்புகளில் தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் சேர்ந்துகொள்ளும். ஓரத்து வடிகால் இன்னொருவருடையது, மின்கம்பம் மின்வாரியத்தினுடையது, தடுப்புகளை வைப்பதும் எடுப்பதும் போக்குவரத்துக் காவல்துறையின் கையில். ஆகவே மனு எழுதும் முன், ஒவ்வொரு சாலைக்கும் எதிரே அதன் பொறுப்புத் துறை, பதிவேட்டின்படி அதன் அகலம், இன்று களத்தில் இருக்கும் அகலம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் பல சமயம் திட்டத்தின் செலவைத் தீர்மானிக்கிறது. நில அளவைப் பதிவில் 18 மீட்டர் இருந்து களத்தில் 12 மீட்டர் மட்டுமே மிஞ்சியிருந்தால், தேவைப்படுவது ஆக்கிரமிப்பு அகற்றம். இரண்டிலும் 12 மீட்டரே இருந்தால், நில எடுப்பு இல்லாமல் அந்த 12 மீட்டருக்குள் என்ன செய்ய முடியும் என்று முதலில் தேடுவதே நல்லது. ஏனெனில் நில எடுப்பு என்று எழுதிய நாளிலிருந்து திட்டத்தின் வயதை மாதங்களில் அல்ல, ஆண்டுகளில் எண்ண வேண்டியிருக்கும்.

எண்ணாமல் வரைய வேண்டாம்

வரைபடத்துக்கு முந்தியது வாகனக் கணக்கு. நான்கு கைகள், அதாவது வந்து சேரும் நான்கு சாலைகள், கொண்ட சந்திப்பில் ஒவ்வொரு கையிலிருந்தும் இடது, நேர், வலது என மூன்று போக்குகள், ஆக மொத்தம் பன்னிரண்டு; வட்டத்தைச் சுற்றி வந்த வழியே திரும்பிப் போகிறவர்களையும் சேர்த்தால் பதினாறு. கடைசியாகச் சொன்னதைப் பலரும் எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். சென்டர் மீடியன் நீளமாகப் போட்டிருக்கும் சாலைகளில் எதிர்ப்பக்கக் கடைக்குப் போகிறவர் ஒவ்வொருவரும் ரவுண்டானா வரை வந்துதான் திரும்ப வேண்டியிருக்கும். மீடியனில் ஓர் இடைவெளியைச் சரியான இடத்தில் திறந்தாலே குறையக்கூடிய சுமை அது.

கைக்கு இருவர் வீதம் எட்டுப் பேர் கிடைத்தால் தாளில் கோடிட்டு எண்ணலாம். கிடைக்காவிட்டால், மூலையிலுள்ள ஏதேனும் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் அனுமதி பெற்று, கைப்பேசியில் படம் பிடித்து வீட்டில் வைத்து எண்ணலாம். சரிபார்க்க முடியும் என்பதால் இரண்டாவது முறையே எனக்குப் பிடித்தது. கணக்கைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். பள்ளி திறக்கும் காலை நேரம் ஒன்று, மாலை ஐந்து முதல் எட்டு வரை ஒன்று என வேலை நாளில் இரண்டு முறையும், சனி அல்லது ஞாயிறு ஒரு முறையும் எடுத்தால் ஒரு மனுவுக்குப் போதும். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை நாட்களிலும் பெரிய முகூர்த்த நாட்களிலும் எடுத்த கணக்கு வடிவமைப்புக்கு உதவாது. அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் தடத்தில் மட்டும் சனிக்கிழமைக் காலையும் ஞாயிற்றுக்கிழமை மாலையும் கட்டாயம் வேண்டும். முன்னதில் மலை ஏறும் வண்டிகளும் பின்னதில் இறங்கும் வண்டிகளும் உச்சத்தில் இருக்கும். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் என்றால் மண்டிகளுக்கு லாரி வந்து சரக்கு இறக்கும் நேரத்தையும் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிய வண்டிகளை அப்படியே கூட்டக் கூடாது. ஒரு பஸ் பிடிக்கும் இடமும் ஒரு டூவீலர் பிடிக்கும் இடமும் ஒன்றல்ல என்பதால், எல்லாவற்றையும் கார் அலகாக மாற்றும் அட்டவணை ஒன்றை சாலை வடிவமைப்பு வழிகாட்டிகளை வெளியிடும் இந்தியச் சாலைப் பேரவை நகரச் சாலைகளுக்கென 1990இல் வெளியிட்ட 106ஆம் எண் வழிகாட்டியில் தந்திருக்கிறது. மொத்தத்தில் ஒரு வகை வண்டியின் பங்கு 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஒரு மதிப்பு, 10 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் வேறு மதிப்பு: டூவீலருக்கு 0.5, 0.75, ஆட்டோவுக்கு 1.2, 2.0, இலகு ரகச் சரக்கு வண்டிக்கு 1.4, 2.0, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2.2, 3.7, காருக்கு எப்போதும் 1.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கையில் ஒரு மணி நேரத்தில் 900 டூவீலர், 180 கார், 130 ஆட்டோ, 40 பஸ், 25 சிறு சரக்கு வண்டி என 1,275 வண்டிகள் வருவதாக வைத்துக்கொண்டால், அவை முறையே 675, 180, 260, 88, 35 என்று மாறி மொத்தம் 1,238 கார் அலகுகள் ஆகின்றன. 130 ஆட்டோக்களின் சுமை 180 கார்களின் சுமையைவிட அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுநர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு நிற்க இடம் ஒதுக்காத திட்டம் எதுவும் நிலைக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதோடு, வட்டத்தைத் தொட வேண்டிய தேவையே இல்லாமல் ஊரைக் கடந்து போகும் வண்டிகள் எத்தனை என்பதையும் அறிய வேண்டும். இரண்டு கைகளில் ஒரே நேரத்தில் பதிவெண்களின் கடைசி நான்கு இலக்கங்களைக் குறித்து ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். கடந்து போகும் போக்கு பெருமளவில் இருக்கும் இடத்தில் மட்டுமே மேம்பாலம் என்ற பேச்சுக்குப் பொருள் உண்டு. ஐந்து ரோட்டில் 2020இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலத்தின் மேலே போகிறவர் போய்விடுவார். அங்கேயே கடைக்கும் மருத்துவமனைக்கும் வந்தவர் கீழேதான் திரும்பியாக வேண்டும். அப்படி உள்ளூர் வேலையாக வருவோரே மிகுதியான ஒரு சந்திப்பில் பாலம் கட்டினால் நெரிசலுக்குத் தூண்களும் கூடுதலாகச் சேரும்.

வரிசையின் தலை எங்கே

கணக்கு எடுக்கும் அதே நேரத்தில், தேங்கி நிற்கும் வரிசையின் வால் எந்த மின்கம்பம் வரை போகிறது என்பதை ஒருவரும், அதன் தலை எங்கே இருக்கிறது என்பதை இன்னொருவரும் குறிக்க வேண்டும். வாலை எல்லாரும் பார்க்கிறார்கள், புகைப்படமும் எடுக்கிறார்கள். காரணம் இருப்பது தலையில். வரிசையின் தலை வட்டத்தின் நுழைவாயில் இருந்தால் அது கொள்ளளவுக் குறை. தலை வட்டத்தைத் தாண்டி, வெளியேறும் சாலையில் நிற்கும் ஒரு டவுன் பஸ்ஸின் பின்னால் இருந்தால், வட்டத்துக்கு எத்தனை கோடி செலவழித்தாலும் பயன் இராது.

வெளியேறும் வாய் அடைபட்டால் நடப்பது இது. வெளியேற முடியாத வண்டிகள் வட்டத்துக்குள்ளேயே நிற்கின்றன. அவை அடுத்த கையின் வெளியேறும் வாயை மறைக்கின்றன. அந்தக் கைக்குப் போக வேண்டியவர்களும் நின்றுவிட, ஓரிரு நிமிடங்களில் வட்டம் முழுவதும் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. பிரிட்டனில் பழைய பெரிய வட்டங்கள் இப்படித்தான் பூட்டிக்கொண்டன. உள்ளே நுழைகிறவர் தம் வலப்புறமிருந்து சுற்றி வருபவருக்குக் காத்திருந்து வழிவிட வேண்டும் என்ற விதியை 1966இல் அங்கே கொண்டுவந்த பிறகுதான் ரவுண்டானாக்களுக்கு மறுவாழ்வு கிடைத்தது. நம் நாட்டிலும் வாகனம் ஓட்டுதல் பற்றிய 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வட்டத்துக்குள் இருப்பவருக்கே முன்னுரிமை தருகின்றன. நம் சாலைகளில் முன்சக்கரத்தை யார் முதலில் நுழைத்தாரோ அவருக்கே முன்னுரிமை என்பது வேறு கதை. அதனால்தான் விதியை நம்பி மட்டும் வடிவமைக்காமல், நுழைகிறவரின் வேகத்தைச் சாலையின் வளைவே குறைக்கும்படி அமைக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு கையிலும், வட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் பஸ் நிறுத்தம், ஆட்டோ நிறுத்தம், தள்ளுவண்டி, கடை முன் நிற்கும் டூவீலர் வரிசை, குப்பைத் தொட்டி, மின்மாற்றி என எது எத்தனை மீட்டரை விழுங்குகிறது என்று டேப் வைத்து அளந்து குறிக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தை வெளியேறும் வாயிலிருந்து 50 முதல் 75 மீட்டர் தள்ளி வைப்பதும், அங்கே பஸ் ஒதுங்கி நிற்க 3 மீட்டர் இடம் ஒதுக்குவதும் தனியாகவே பாதி நெரிசலைத் தீர்ப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். தள்ளி வைப்பதற்கு எதிர்ப்பு வரும். பஸ் இறங்கியதும் கடை என்று பழகிய வியாபாரிக்கு அறுபது மீட்டர் பெரிய தூரம். அவரிடம் வரைபடம் முடிந்த பிறகு போகாமல், அளக்கும் நாளிலேயே போய்ப் பேசுவது நல்லது. சாலையோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. நகர விற்பனைக் குழு வழியாக மாற்றிடம் காட்டாமல் அவர்களை அகற்றக் கோரும் மனு நியாயமும் அல்ல, நிற்பதும் இல்லை.

மணல் மூட்டை ஒத்திகை

கான்கிரீட் ஊற்றும் முன் மணல் மூட்டைகளையும் பிளாஸ்டிக் தடுப்புகளையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்தும் யோசனை. போக்குவரத்துக் காவல்துறையின் ஒப்புதலோடு, உத்தேசித்த வட்டத்தின் விளிம்பையும், நுழைவாயில் வண்டிகளைப் பிரிக்கும் முக்கோணத் திட்டையும் மூட்டைகளால் அமைத்து, குறைந்தது இரண்டு வாரம் விட வேண்டும். முதல் மூன்று நாள் வசவு விழும். அதைக் கணக்கில் கொள்ளக் கூடாது. இரண்டாம் வாரம் முதலில் எண்ணிய அதே நேரங்களில் மறுபடி எண்ணி, வரிசையின் வால் எந்த மின்கம்பத்தில் நிற்கிறது என்று ஒப்பிட வேண்டும்.

மூட்டை அடுக்கும் முன், இரவில் கோலமாவோ சுண்ணாம்புத் தூளோ கொண்டு கோடு போட்டு, ஒரு டவுன் பஸ்ஸையும் ஒரு நீள லாரியையும் வலப்புறம் திரும்பச் செய்து பார்ப்பது அரைமணி நேர வேலை. பின்சக்கரம் கோட்டை ஏறி மிதித்தால் அந்த மூலையில் கெர்ப் கல் ஒரே மாதத்தில் உடையும் என்று பொருள். வட்டத்தைச் சுருக்க வேண்டிய இடங்களில், நடுத்திட்டைச் சுற்றிச் சற்றே உயர்ந்த கல் பதித்த ஒரு வளையம் அமைத்தால், கார்கள் அதைத் தவிர்க்கும்; நீள வண்டியின் பின்சக்கரம் மட்டும் அதில் ஏறி இறங்கும்.

வடிவம்

ரவுண்டானா எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நான்கு கைகளிலும் போக்கு ஏறத்தாழ நிகராக இருந்து, வலப்புறம் திரும்புவோர் மிகுதியாக இருந்தால் அது சிறப்பாக வேலை செய்யும். ஒரு கை மட்டும் மற்ற மூன்றையும் விழுங்கும் அளவுக்குப் பெரிதானால், சிறிய கையில் நிற்பவருக்கு நுழைய இடைவெளியே கிடைக்காது. பாதசாரிகள் அலையலையாகக் கடக்கும் இடத்திலும், அடுத்த சிக்னலின் வரிசை வட்டம் வரை நீளும் இடத்திலும் சிக்னலே மேல். பாதுகாப்பு என்ற கணக்கில் மட்டும் வட்டத்துக்குத் தெளிவான மேன்மை உண்டு: நான்கு கைச் சாதாரணச் சந்திப்பில் வண்டியும் வண்டியும் மோதக்கூடிய புள்ளிகள் 32, ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8.

சுற்றுப் பாதையில் ஒரு கையின் நுழைவாய்க்கும் அடுத்த கையின் வெளிவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில், உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் ஒருவரை ஒருவர் குறுக்கே கடக்கிறார்கள். பொறியாளர்கள் இதை வீவிங், அதாவது நெசவுப் பின்னல், என்பார்கள். தறி ஓடும் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அதே பேரவையின் 1976இல் வந்த 65ஆம் எண் பழைய வழிகாட்டி இந்தப் பின்னல் பகுதியின் கொள்ளளவுக்கு ஒரு சூத்திரம் தந்தது: 280ஐப் பகுதியின் அகலத்தால் பெருக்கி, அதை ஒன்றோடு நுழைவு அகலத்துக்கும் பின்னல் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைக் கூட்டிய தொகையால் பெருக்கி, இப்படிக் குறுக்கே பின்னிச் செல்லும் வண்டிகளின் பங்கில் மூன்றில் ஒன்றை ஒன்றிலிருந்து கழித்து வருவதாலும் பெருக்கி, இறுதியில் ஒன்றோடு அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தைக் கூட்டி அதனால் வகுக்க வேண்டும். அந்த வழிகாட்டி 2017இல் திருத்தப்பட்டுவிட்டதால் இறுதி வடிவமைப்பைப் பொறியாளர் புதியதன்படியே செய்வார். ஆனால் எது எதைப் பாதிக்கிறது என்று புரிந்துகொள்ளப் பழைய சூத்திரம் இன்றும் நல்ல கண்ணாடி. அகலம் 12 மீட்டர், நுழைவின் சராசரி அகலம் 8 மீட்டர், நீளம் 40 மீட்டர், பின்னல் பங்கு 0.7 என்று வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 3,300 கார் அலகுகள் வருகின்றன. அதே இடத்தில் ஓரமாக ஒரு வரிசை வண்டி நின்று அகலம் 9 மீட்டராகக் குறைந்தால் விடை 2,980. மூன்று மீட்டர் வரிசை மணிக்கு முந்நூறு அலகுக்கு மேல் தின்றுவிடுகிறது. (இந்த வழிகாட்டியின் கார் அலகு மதிப்புகள் முன்பு சொன்ன அட்டவணையிலிருந்து வேறுபட்டவை, இரண்டையும் ஒரே கணக்கில் கலக்கக் கூடாது.)

நுழைவாயின் முன் முக்கோணத் திட்டு அமைக்கும்போது, பாதசாரிகள் கடக்கும் கோட்டை வட்டத்தின் விளிம்பில் போடாமல் ஒரு கார் நீளம், அதாவது 5 முதல் 6 மீட்டர், பின்னால் போட வேண்டும். அப்போதுதான் உள்ளே நுழையக் காத்திருக்கும் கார் கோட்டின் மேல் நிற்காது, கடப்பவரும் திட்டில் நின்று இரண்டாம் பாதியைக் கடக்கலாம். திட்டின் நடுவே சக்கர நாற்காலி போகும் அளவுக்குத் தரைமட்டத்தில் வெட்டு விட வேண்டும். வலப்பக்கப் பார்வையை மறைக்கும் விளம்பரப் பலகையும் அடர்ந்த செடியும் நுழைவாயின் அருகே கூடாது. நடுத்திட்டில் நீரூற்று வைப்பது பற்றி எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. திறப்பு விழாவுக்குப் பிறகு அதில் நீர் ஓடிப் பார்த்தது குறைவு.

நீர் என்றதும் வடிகாலைச் சொல்ல வேண்டும். சேலத்தின் கோடை இடிமழை ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்குள் வரும் திருமணிமுத்தாற்றை நோக்கித்தான் நகரின் பல வடிகால்கள் சாய்கின்றன. புதிய திட்டுகளும் கெர்ப் கற்களும் பழைய சாய்வை மறித்து, நுழைவாயிலேயே குட்டை கட்டினால், டூவீலர் அனைத்தும் நடுவே ஒதுங்கும். நீங்கள் விரித்த அகலம் மழை நாளில் இல்லாமல் போகும். வரைபடத்தில் எந்த இடம் எவ்வளவு உயரம் என்று காட்டும் மட்டக் குறிகள் இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். பாதாளச் சாக்கடை மூடிகள் சக்கரத் தடத்தில் விழாதபடி பார்ப்பதும் இதே கட்டத்து வேலை.

ஏற்காட்டில்

மேலே சொன்னதில் பாதி மலையில் செல்லாது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வந்தவர்கள் ஏரியையும் அண்ணா பூங்காவையும் ஒண்டிக்கடை ரவுண்டானாவையும் சுற்றியுள்ள சிறு வட்டாரத்திலேயே வண்டியை நிறுத்தத் தேடுகிறார்கள். அங்கே சாலையை அகலப்படுத்த ஒரு பக்கம் மலையை வெட்ட வேண்டும், மறு பக்கம் தாங்குசுவர் எழுப்ப வேண்டும். வெட்டிய சரிவு அடுத்த மழையில் சாலைக்கே வரும். எனவே மலையில் ரவுண்டானாச் சீரமைப்பு என்பது வாகன நிறுத்தத் திட்டத்தின் இன்னொரு பெயர் என்றே கொள்ளலாம். நிறுத்துமிடம் தேடிச் சுற்றும் வண்டி ஒரே வட்டத்தை மூன்று முறை சுற்றுகிறது. எண்ணும்போது அது மூன்று வண்டி. பதிவெண் குறிக்கும் முறை இங்கேதான் மிகவும் பயன்படும். மீண்டும் மீண்டும் வரும் எண்களை அடையாளம் கண்டால், எத்தனை நிறுத்துமிடம் குறைவு என்ற கணக்கு அதிலிருந்தே கிடைக்கும்.

மே மாதக் கோடை விழா நாட்களின் கூட்டத்தை அளவாக வைத்து மலைச் சந்திப்பை வடிவமைக்கச் சொல்வோர் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. சில நாட்களுக்காக ஆண்டு முழுவதும் மலையை வெட்டி வைக்க வேண்டியதில்லை. சாதாரண வாரக் கடைசியின் கூட்டத்துக்கு வடிவமைத்து, விழா நாட்களை அடிவாரம் வழியாக ஏற்றிக் குப்பனூர் வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாட்டால் சமாளிப்பதே தகும். சரிவில் அமைந்த வட்டத்தில், ஏறி வரும் பஸ் நின்று மறுபடி கிளம்ப வேண்டிய நிலை வராதபடி, நுழைவுக்குச் சற்று முன்பாவது சாலை சமதளமாக இருக்க வேண்டும். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்ற விதியும் வட்டத்துக்குள் இருப்பவருக்கே முன்னுரிமை என்ற விதியும் மோதும் இடம் இது என்பதால், வழிவிடும் கோட்டையும் பலகையையும் மிகத் தெளிவாகக் காட்டுவது அவசியம்.

கோப்பும் வேலையும்

இவ்வளவும் கையில் இருந்தால் மனு நான்கு பக்கம் போதும்: எந்தச் சாலை யாருடையது என்ற உரிமைத் தாள், வாகனக் கணக்கு, அளவுகளுடன் கூடிய கைவரைபடம், ஒத்திகைக்கு முந்தைய, பிந்தைய ஒப்பீடு. இதைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவின் பொருள் நிரலில் சேர்க்கக் கோர வேண்டும். நெடுஞ்சாலை, மாநகராட்சி, காவல், வட்டாரப் போக்குவரத்து ஆகிய துறைகள் ஒரே மேசையில் அமரும் இடம் அது. ஏற்றுக்கொள்ளப்பட்டால் மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என்று கோப்பு நகரும்.

மதிப்பீட்டைப் பார்க்க வாய்த்தால் மூன்றை மட்டும் தேடுங்கள்: குடிநீர்க் குழாய், மின்கம்பம், கேபிள் ஆகியவற்றை இடம் மாற்றும் தொகை, தெருவிளக்கு, சாலைக் குறியீடுகளும் பலகைகளும். இவை விடுபட்டிருந்தால் தார் போட்ட பிறகு யாரேனும் தோண்ட வருவார்கள், அல்லது வழிவிடும் கோடு இல்லாத வட்டம் ஒன்று திறக்கப்படும். வேலையை ஒரு நேரத்தில் ஒரு கை என்று முடிக்கவும், ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் தொடங்கவும் கோரலாம். ஏற்காட்டுத் தடத்தில் மட்டும் அதே மாதங்களைத் தவிர்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் கடைவீதி அருகே எந்தச் சாலையையும் திறந்து போடக் கூடாது.

வேலை முடிந்து ஒரு மாதத்திலும் ஆறாம் மாதத்திலும், முதலில் நின்ற அதே மொட்டை மாடியிலிருந்து, அதே கிழமையில், அதே பதினைந்து நிமிடத் துண்டுகளில் மறுபடி எண்ண வேண்டும். ஒரு மாதத்தில் சரியாக இருந்தது ஆறாம் மாதத்தில் கெட்டிருந்தால், முதலில் தேட வேண்டியது பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்ட பஸ் நிறுத்தத்தைத்தான்.